குடோனில் விற்ற குரல்

1. முதல் நாள்

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது. மைக்கை ஆன் செய்துவிட்டு ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதபடி உட்கார வேண்டும். யாரும் பேசாதபோது அறை என்ன சத்தம் போடுகிறது என்று பதிவு செய்வதற்கு ரூம் டோன் என்று பெயர். பிறகு எல்லாப் பதிவிலிருந்தும் அந்தச் சத்தத்தைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவது குரல் மட்டும்தான்.

அறை என்று நான் சொல்வது, மேல்மலையனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், சேத்துப்பட்டு ரோட்டில் இருந்த ஒரு வேர்க்கடலை குடோன். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். முதலாளி உள்ளூர் ஜைனர். என் நைனா அவரிடம் பல வருடம் மூட்டை தூக்கியவர் என்பதால் பகலில் உட்கார்ந்துகொள்ள விட்டார், வாடகை கேட்கவில்லை. நாலு பக்கமும் கூரை வரை மூட்டை அடுக்கியிருந்ததால் எதிரொலி துளியும் கிடையாது. பேசினால் குரல் வாயை விட்டு வந்ததுமே காணாமல் போய்விடும். பேசுவது நான்தானா என்று இரண்டொரு தடவை தொண்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்பு சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். ஒரு வீடியோ மீட்டிங்கில் வேலை போயிற்று. மீட்டிங் முடிவதற்குள் லேப்டாப் லாக் ஆகிவிட்டது. கம்பெனி கொடுத்த சிம்மையும் திருப்பிக் கொடுத்தேன். கல்விக் கடனுக்காக பேங்கில் நான் கொடுத்திருந்தது அந்த நம்பர்தான் என்பது அப்போது மூளையில் ஏறவில்லை.

அந்தக் கடனுக்கு நைனா கோ-ஆப்ளிகன்ட். நான் கட்டாவிட்டால் தான் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவர். வேலை போனதை வீட்டில் அன்றைக்கே சொல்லிவிட்டேன். கடனைப் பற்றி மட்டும் நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. முந்தின வருஷம்தான் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் மூட்டையில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவரிடம் எந்த முகத்தோடு பணத்தைப் பற்றிப் பேசுவது?

சேமிப்பு இருக்கும் வரை கட்டினேன். தீர்ந்ததும் நிறுத்தினேன். ஒரு போன்கூட வரவில்லை. பேங்க் பொறுத்துக்கொள்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். படித்த முட்டாள் என்று சொல்வது என்னைப் போன்றவர்களைத்தான்.

2. மூன்று விதமாகக் கேட்பது

எனக்கு வேலை கொடுத்தது, பேங்குகளுக்காகக் கடன் வாங்கியவர்களுக்கு ஞாபகமூட்டும் போன் செய்து தருகிற ஒரு நிறுவனம். போன் செய்வது மெஷின், குரல் மட்டும் மனிதருடையது. சில வாரங்கள் நான் வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தால், அப்புறம் நான் படிக்காத வாக்கியத்தையும் மெஷின் என் குரலில் பேசிக்கொள்ளும். அதற்கு ஒரு ஒப்பந்தம். பணம் வேண்டியிருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகப் படிக்க வேண்டும்: நட்பு, சாதாரணம், கண்டிப்பு. நட்பும் சாதாரணமும் உடனே ஓகே ஆகிவிட்டன. கண்டிப்பு மட்டும் திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் டீம் லீட் போனில் வந்தார்.

“மேடம், போலீஸ் மாதிரி கேக்காதீங்க. கட் பண்ணிடுவாங்க. உங்க அப்பாகிட்ட நீங்க கேக்கற மாதிரி கேளுங்க. கண்டிப்பும் இருக்கணும், பாசமும் இருக்கணும். அதுதான் ஒர்க் அவுட் ஆகுது.”

நானும் கண்ணை மூடிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் நைனா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படித்தேன். “இந்த வாரத்துக்குள் கட்டிவிடுவீர்களா?” அந்த டேக் உடனே ஓகே ஆயிற்று. என்னைப் பாராட்டி மெயில்கூட வந்தது.

3. ஊர்ப் பெயர்கள்

மெஷினுக்கு நம் ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் வாயில் நுழையாது. அவற்றைத் திருத்திப் படித்துக் கொடுப்பதற்கு கரெக்ஷன் என்று பெயர். வாரா வாரம் வரும். முதலில் வந்தவை சேலம் பக்கத்து ஊர்கள். அடுத்து தர்மபுரி, திருவண்ணாமலை. பிறகு ஒரு வாரம் மண்டகப்பட்டு, வல்லம், மேல்மலையனூர் என்று வந்தது. என் குரல் ஊர் ஊராக நடந்து எங்கள் வீட்டை நோக்கி வருவது போல இருந்தது. இப்படியெல்லாம் தோன்றுவதே தனியாக உட்கார்ந்திருப்பதால்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த வாரத்துப் பெயர்களில் ஏழுமலை என்றும் இருந்தது. என் நைனாவின் பெயர். ஆனால் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு ஏழுமலை இருப்பார்கள். நன்றாக அழுத்தித் திருத்திப் படித்துக் கொடுத்தேன்.

அதே வாரம் பஜாரில் ஒரு அம்மாவிடம் தக்காளி என்ன விலை என்று கேட்டேன். அந்த அம்மா நிமிரவில்லை. தராசைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. “நாளைக்குக் கட்டிடறேன்னு சொன்னேனே” என்றார். நான் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கடைகளில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்கினேன்.

4. அமாவாசை

அமாவாசை அன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் சேத்துப்பட்டு ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். அந்த அலறலில் பதிவு நடக்காது. இரண்டு மாதம் கழித்து அப்படி ஒரு அமாவாசையில், கரெக்ஷனைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினேன்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. செருப்பைக் கழற்றும்போது தோட்டப் பக்கம் நான் பேசுவது கேட்டது.

என் வாய் மூடியிருந்தது. குரல் பேசிக்கொண்டிருந்தது. நட்பில்லை, சாதாரணமில்லை, கண்டிப்பு.

“ஏழுமலை அவர்களே, கௌசல்யா அவர்களின் கல்விக் கடன் தவணை நிலுவையில் உள்ளது. இந்த வாரத்துக்குள் கட்டிவிடுவீர்களா?”

கௌசல்யா நான்தான். அந்தப் பெயரை நான் ஒரு நாளும் மைக்கில் சொன்னதில்லை. அப்படியே நடந்து பின்வாசலுக்குப் போனேன்.

நைனா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. இரண்டு தோளும் கன்றிப் போயிருந்தன. போனை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கட்டிடறேம்மா. நீ டென்ஷன் ஆவாத.”

“மன்னிக்கவும், புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்.”

“ஆம்” என்றார் நைனா, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பிள்ளை போல.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். குரல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அது சொல்லி முடிக்கும் வரை அவர் கட் செய்யவில்லை.

“நீ இங்க நிக்கிற. அப்ப இது யாரு?”

நான் குரலை விற்ற கதையைச் சொன்னேன், அவர் தன் கதையைச் சொன்னார். என் பழைய நம்பர் கிடைக்காததால், இரண்டு மாதமாக அந்தப் போன் கையெழுத்துப் போட்ட அவருக்கு வந்துகொண்டிருந்தது. நான் குடோனில் இருக்கிற நேரத்தில்தான் வந்திருக்கிறது. ஆபீஸ் பாஷையில் ஏன் பேசுகிறாள் என்று ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறார். பக்கத்தில் மேனேஜர் இருப்பார், அதனால் அப்படிப் பேசுகிறாள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாட்ச்மேன் வேலை பார்ப்பதாக என்னிடம் சொல்லிவிட்டு, நெல் ஏலம் நடக்கிற கமிட்டியில் மறுபடி மூட்டை தூக்கி, ஒரு தவணை கட்டியும் விட்டார்.

“என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நைனா?” என்று கத்திவிட்டேன்.

“ஊட்ல வாயத் தொறந்து கேக்க உனுக்குக் கூச்சம். அதான் போன்ல கேக்கறன்னு நெனச்சேன். என்னக் கேட்டாப்லயே இருந்துச்சும்மா.”

அவரைத்தான் கேட்டிருந்தேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கல்லிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். பழைய தையலுக்குப் பக்கத்தில் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

5. பக்கத்துக் கட்டில்

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் நாலு மூட்டை தூக்கியிருந்தால் குடல் சிக்கி உயிரே போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் சொன்னதைக் கேட்டு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரருடைய போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வார்டு முழுக்கக் கேட்கும்படி என் குரல் கேட்டது. நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நான் என்னையும் அறியாமல், “அண்ணே, அதுக்குப் பதில் சொல்லாதீங்க” என்றேன். அந்த மனிதர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காலை மடக்கிக்கொண்டு கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார்.

நைனா படுத்தபடியே அவர் பக்கம் திரும்பினார்.

“பயப்படாதீங்க. அது மெஷினு. இது எம் பொண்ணு.”

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, குரலை நிறுத்துங்கள் என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றார் டீம் லீட், கொஞ்சம் வருத்தத்தோடுதான். இனிமேல் பதிவு செய்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பேங்குக்கு நேரில் போய், வேலை போன விவரத்தை எழுதிக் கொடுத்து, தவணையைக் குறைத்து வாங்கினேன். அரை நாளில் முடிந்தது. நைனாவின் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொன்னேன். தாமதமானால் இப்போது என் குரல் எனக்கே போன் செய்கிறது. நானும் ஆம் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது தாலுகா ஆபீஸ் எதிரே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். வேலை போய்விட்டது என்று வருகிற பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, பேங்கில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறாய் என்பதைத்தான். இரண்டாவது, கடனுக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டாயா என்பது. பேசவில்லை என்றால், முதலில் போய்ப் பேசிவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். நாம் வாய் திறக்காமல் விட்டால் யார் வாயிலிருந்தோ அது வந்துவிடும். வருகிற விதம் நமக்குப் பிடிக்காது.

நைனா தேறிவிட்டார், மூட்டைப் பக்கம் போவதில்லை. ஆனால் நான் கடையிலிருந்து போன் செய்தால் எடுத்தவுடன் பேசுவதில்லை. “காலைல இன்னா சாப்ட்ட?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கூழும் பச்சை மிளகாயும் என்று நான் சொல்ல வேண்டும். மெஷினுக்கு அந்தப் பதில் தெரியாது. அதற்குப் பிறகுதான் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.