ஏரிக்கடியில் ஒரு பீடி

விக்ரோலி ஸ்டேஷனில் இறங்கும்போது பேச்சிமுத்து அண்ணாச்சியின் மகள் போனில் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா காலைல போயிட்டாவ." பின்னால் வந்த கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரோடு துளை போடும் ரிக் இயந்திரம் ஓட்டிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாராவிக்காரரான அவரும் செம்பூர்க்காரனான நானும் மலைக்கு மேலிருக்கும் அந்தச் சமவெளியில் மாதக்கணக்கில் துளை போட்டோம். அடியில் பழங்காலத்து ஏரி ஒன்று வண்டலாகப் படிந்து கிடந்தது. குழாயில் ஏறிவரும் மண்ணைப் பார்த்து, ஏரி எப்போது நிறைந்தது, எப்போது வற்றியது என்று எழுதுவது என் வேலை. அந்த மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது அவர் வேலை; யாரும் கொடுத்ததல்ல, தானாக எடுத்துக்கொண்டது. பல்லில் நறநறத்தால் மணல், வழுக்கினால் களிமண். ஆய்வுக்கூடம் பிறகு சொன்னதும் பெரும்பாலும் அதுதான்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை மண்ணை வாயில் போட மறுத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?"

"இதுல நத்தை ஓடு கெடக்கு சார். இன்னிக்கு நான் சுத்த சைவம்."

"அது செத்து லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு."

"கருவாடுந்தான் செத்து நாளாச்சு. அதுக்காவ சைவமாயிருமா?"

அன்று அந்த அடுக்கை நானே தின்று பார்த்தேன்.

பிறகு மாட்டுங்கா அலுவலகத்திலிருந்து மேலாளர் வந்தார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. பெட்டியில் அடுக்கிய மண்ணையும் என் அறிக்கையையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். ஏரியின் அடித்தட்டு என்று நான் எழுதியிருந்த இடத்தில் பச்சைப் புல்வேர் இருந்தது. பக்கத்தில் பாதி பீடி.

"மனுஷனே இல்லாத காலத்துல பீடி குடிச்சது யாருய்யா?"

மண் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தது.

"பீடி என்னுது சார்," என்றார் அண்ணாச்சி. "மாத்தி அடுக்குனதும் நாந்தான். இவரு மேல தப்பு இல்ல."

மேலாளர் தமிழிலும் ஹிந்தியிலும் மாறி மாறித் திட்டினார். "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி" என்று இரண்டுக்கும் தலையாட்டினார் அண்ணாச்சி. ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பினார்கள். "மவ பொறந்தநாளுக்கு சுட்டி கேக்கணும்னு இருந்தேன், லீவு தானா கெடச்சிட்டு," என்று கண்ணடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நண்பர்களே, பீடி மட்டும்தான் அவருடையது. பெட்டியில் மேல் எது, கீழ் எது என்று அம்புக்குறியை மாற்றிப் போட்டவன் நான். அவர் அம்பு காட்டியபடி அடுக்கினார். இத்தனை வருடமாக இதை அவரிடம் நான் பேசியதில்லை. "தெரியும் சார்" என்று சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது என் வேலை ஒன்றுதான். நாளைக் காலையும் நான் அதற்குத்தான் போகவேண்டும்.