படகில் இரண்டு தட்டு

காலையில் போட்ட டீ ஆறுவதற்குள் லின்டன், தான் குடியிருக்கும் பஸ் போன்ற வீட்டுவண்டிக்குப் பின்னால் மண்டியிட்டுவிடுவார். வண்டிக்குப் பின்னால் காரை இழுத்துப்போக உதவும் முக்கோணக் கம்பியை மாட்டி, பூட்டி, காலால் ஓர் உதை உதைத்துப் பார்ப்பார். அதன் அடியில் இரண்டு சங்கிலிகளையும் குறுக்காகப் போடுவார். பூட்டு விட்டுப்போனாலும் கம்பி தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ள வேண்டும். காரின் கூரைமேல் கவிழ்த்துக் கட்டிய தகரப் படகின் கயிறுகளை இழுத்துப் பார்ப்பார். பிறகு ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்.

ஸ்ட்ரீக்கி பே கடற்கரையில், கேரவன்கள் நிற்கும் இந்த இடத்தில் நான் அவருக்குப் பக்கத்து வீடு. ஈஸ்டர் முடிந்ததிலிருந்து இதே கூத்து. "இன்னிக்காவது கெளம்புறியா?" என்று கேட்டால், "காத்து சரியில்லை, நோரீன்" என்பார். காற்று பாவம், ஓர் இலையைக்கூட அசைத்திருக்காது.

மனைவி எல்வா இருந்தவரை இது இருவர் வேலை. காரின் கியரை எடுத்து, கைப்பிரேக்கை இறக்கிவிடுவது அவள் பொறுப்பு. அப்புறம் பின்னால் போய் நின்று, காரின் விளக்குகளைப் பார்த்துக் கத்துவாள் பாருங்கள், தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து திட்டுவோம். "பிரேக்கு எரியுது! இடது எரியுது! வலது எரியுது! எரியாதது உன் மூளை ஒண்ணுதான், கெளம்பு கிழவா!" உடனே உள்ளங்கையால் படகில் டங், டங் என்று இரண்டு தட்டு. அந்தச் சத்தம் கேட்காமல் லின்டனின் சக்கரம் உருண்டதே கிடையாது.

ஈஸ்டருக்கு முந்திய கோடையில் எல்வா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து லின்டன் தனியாக இங்கே வந்தபோது, கைப்பிரேக்கை இறக்காமல் காரைத் தரதரவென்று இழுத்து வந்திருக்கிறார். பின்சக்கரங்களில் புகை வருவதைப் பார்த்து ஒரு லாரிக்காரன்தான் கைகாட்டி நிறுத்தினான். "அது அவ வேலை, நோரீன். எனக்குத் தோணவே இல்லை." அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

விஷயம் அடிலெய்டில் இருக்கும் மகளுக்கு எட்டிவிட்டது. போனில் அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது: "வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே ஓட்டிட்டு வந்து காட்டுங்கப்பா. இல்லேன்னா சனிக்கிழமை உங்க மாப்பிள்ளை வந்து சாவியை வாங்கிக்குவாரு. படகையும் வண்டியையும் வித்துடலாம்." வீட்டை விற்று வாங்கிய வண்டி அது. லின்டனுக்கு வேறு வீடு இல்லை.

இன்று வெள்ளி. என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் கம்பியையும் சங்கிலியையும் மாட்டி முடித்ததும், கார்க் கதவைத் திறந்து கியரை எடுத்து, கைப்பிரேக்கை நானே இறக்கினேன். "லின்டன், ஏறி உக்காரு. பின்னால நான் பாத்துக்குறேன்."

முன்னால் போய் வீட்டுவண்டியில் ஏறினார். நானும் கத்தினேன். "பிரேக்கு எரியுது! இடது எரியுது! வலது எரியுது! எல்லாம் சரியா இருக்கு, போய்யா!"

எஞ்சின் ஓடியது. வண்டி நகரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. படகைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

"வேணாம் நோரீன்!" ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அதை மட்டும் வேணாம்."

இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். படகின் பக்கம் நின்று உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்கு ஓங்கிய கை இறங்கவே இல்லை. பிறகு அதே கையைக் கீழே கொண்டுபோய், குனிந்து, சங்கிலியைக் கழற்றத் தொடங்கினார்.