ரிவர்ஸ் அக்காவின் கையெழுத்து

அவன் அவளை முதன்முதலில் பார்த்த அன்று, ஒரு வெள்ளை வேன் பின்பக்கமாக அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. துறைமுகத்தின் மூன்றாம் வாசலுக்கு உள்ளே சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இடம். கப்பல் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலைக்கு அவன் சேர்ந்த முதல் நாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் சான்றிதழ் ஃபைல். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் காட்டிவிடுவது என்று கொண்டுவந்திருந்தான்.

ஓட்டுநர் பக்க ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் தலை நீண்டது.

"தம்பி, நகரு. இல்லன்னா ஃபைலோட சேத்து உன்னையும் பார்க் பண்ணிடுவேன்."

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வேன் ஒரே வீச்சில், இரண்டு பஸ்களுக்கு நடுவே, ஒரு ஜாண் இடம் விட்டு நுழைந்து நின்றது. இறங்கியவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் ஒரு வாட்ச், வலது கையில் ஒரு வாட்ச்.

"அதென்ன ஃபைலு?"

"டிகிரி சர்ட்டிஃபிகேட்."

"அட்றா சக்கை! எங்க வண்டியில டிகிரி ஏறுதுடோய்!" என்று பக்கத்து வண்டிக்காரரைப் பார்த்துக் கத்தினாள். அன்றிலிருந்து துறைமுகத்தில் அவனுக்கு டிகிரி என்றே பெயர். அவனுக்கு அது கிண்டலாகப் படவில்லை. அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் பள்ளிக்கூடம் முடித்தவர்கூட யாரும் இல்லை. யாராவது "டிகிரி!" என்று கூப்பிட்டால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அவளுக்குப் பெயர் ரிவர்ஸ் அக்கா. வேனை ஓட்டவந்த முதல் மாதம், பின்னால் எடுக்கத் தெரியாமல் துறைமுகச் சுற்றுச்சுவரில் இடித்து, நாலு கல்லைப் பெயர்த்துவிட்டாள். கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும் வேலையிலிருந்த அவள் வீட்டுக்காரர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டதால், முப்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அவள். இடித்த மறுநாளிலிருந்து வீட்டு முன்னால் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை வைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு மாதம் பின்னால் எடுத்துப் பழகினாள். வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிரேனுக்குக் காட்டிய அதே சைகைகளைக் காட்டினாராம். "கிரேன் கூட இவர் பேச்சைக் கேக்கும், நான்தான் கேக்க மாட்டேன்" என்பாள். பிறகு அவள் எங்கே போனாலும் வண்டியைப் பின்பக்கமாகவே நிறுத்துவாள். பெயரும் நிலைத்துவிட்டது.

இரண்டு வாட்ச் சமாசாரம் அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. கப்பலுக்கென்று தனி நேரம் உண்டு. சில கப்பல்கள் கரைக்கு வந்ததும் கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் காலையில் முதல் பயணி படியேறும்போது கைகொடுத்து ஏற்றுகிற சாக்கில் அவர் மணிக்கட்டைப் பார்த்து, தன் வலது கை வாட்சை அதற்கேற்பத் திருகி வைத்துக்கொள்வாள். இடது கை ஊருக்கு, வலது கை கப்பலுக்கு.

"எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? ஆபீஸ்ல குடுக்கிற பேப்பர்லயே எல்லாம் போட்டிருக்கும்" என்றான் அவன் ஒருமுறை.

"பேப்பர் உனக்குப் பேசும். எனக்குப் பேசாது" என்றாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து, கப்பல்கள் வரும் ஒரு பருவம் முழுக்க வேலை செய்தார்கள். கலங்கரை விளக்கம், மூடிய சந்தை, மலைமேல் இருக்கிற தாவரத் தோட்டம், திரும்பத் துறைமுகம். அவன் மைக்கில் பேசுவான். அவள் வளைவுகளில் பயணிகளின் வயிறு கலங்காமல் ஓட்டுவாள். அவள் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "நீ எப்படிப் படிச்ச? ராத்திரியா, விடியக்காலமா? அவகிட்ட சொல்லணும்" என்று அவனிடம் துருவித் துருவிக் கேட்பாள். அவன் நான்கு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனதை அவன் சொன்னதைவிட இரண்டு மைல் கூட்டி மகளிடம் சொல்லியிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

அந்தக் கப்பல் வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். பன்னிரண்டு பேர், பெரும்பாலும் வயதானவர்கள். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலா என்றால் வண்டி தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். இவர்கள், அவனுக்கும் அக்காவுக்கும் வேலை தரும் வெளி ஏஜென்ட் மூலம் பதிவு செய்தவர்கள். இவர்களுக்காகக் கப்பல் ஒரு நிமிடம் நிற்காது. பேப்பரில் நாலரை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவன் அதை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் பயணிகளின் பெயர்களைச் சரியாக உச்சரித்துப் பழகுவதற்காகப் படித்தான். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது: நேரம் கப்பல் நேரப்படி.

எல்லாரும் ஏறியதும் அக்கா அவன் பக்கம் சாய்ந்தாள்.

"டிகிரி, அவங்க கையில மணி ஒன்பது. நமக்கு எட்டு. கப்பல் மணி மாத்தல போலிருக்கு."

"அவங்க ஊர் நேரம் வச்சிருப்பாங்கக்கா."

"பன்னெண்டு பேருக்கும் ஒரே ஊரா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் சொல்வதில் நியாயம் இருப்பது அப்போதே தெரிந்தது; தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. மைக்கை எடுத்தான். எங்கள் ஓட்டுநர் இரண்டு வாட்ச் கட்டுகிறார், இரண்டும் தப்பாக ஓடுகின்றன என்று இங்கிலீஷில் சொன்னான். வண்டியே சிரித்தது. அக்காவும் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சொன்ன?"

"உங்களப் பத்தி நல்லவிதமா சொன்னேன்."

"பொய் சொல்லாத. நல்லவிதமா சொன்னா யாரு இவ்வளவு சிரிப்பா?" என்றாலும் அவளுக்கு வாயெல்லாம் பல்தான்.

மத்தியானச் சாப்பாட்டின்போது இன்னொரு தடவை வந்தாள். "ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்பா. மனசு ஒரு மாதிரியா இருக்கு." பக்கத்து மேசையில் பயணிகள். அவர்கள் எதிரில் ஓட்டுநர் வழிகாட்டிக்குப் புத்தி சொல்வதாவது? "அக்கா, நீங்க வண்டிய மட்டும் பாருங்க" என்றான், கொஞ்சம் உரக்கவே. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். படித்தவன் சொல்கிறான், தனக்குத்தான் தப்பாகப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாளாம்.

தாவரத் தோட்டத்தில், பெரிய அல்லிக் குளத்தருகே, வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவி அவன் தோளைத் தொட்டாள். மணி நாலு ஐந்து ஆகிறதே, கிளம்ப வேண்டாமா என்றாள். அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐந்து. இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், கப்பலில் கடிகாரத்தை மாற்ற வேண்டாமென்று எங்களுக்குச் சொன்னார்களே என்று அவள் சொன்னதும் அப்படியே நின்றான். பேப்பரை விரித்தான். அடியில் அந்த எறும்பு வரி.

மிச்சம் இருந்தது இருபத்தைந்து நிமிடம். துறைமுகம் முக்கால் மணி நேரத் தூரம்.

பன்னிரண்டு பேரையும் திரட்டி வண்டிக்கு வந்தபோது அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். வேன் முகம் வெளிப்பக்கம் பார்த்து நின்றதால் நேரே எடுத்தாள். பாதிவழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடி மறுபடி வெளுத்தது. முக்கால் மணி தூரத்தை நாற்பதே நிமிடத்தில் கடந்து, மழைத் தண்ணீர் தெறிக்க வாசலுக்குள் நுழைந்தபோது கப்பலின் படியை இழுத்துவிட்டிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பத்தடித் தண்ணீர். அவர்கள் கண்ணெதிரே அது இருபதடி ஆனது. கைத்தடி ஊன்றிய ஒரு முதியவர், என் மாத்திரைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன என்று யாரிடமும் அல்லாமல் சொன்னார்.

வாசல் பாதுகாப்பு அலுவலகத்தில் குழல்விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதிகாரிக்கு அவசரம். பயணிகளுக்கு ஓட்டல், டாக்டர், அடுத்த துறைமுகத்துக்கு விமானம் என்று மூன்று போன்கள் மாற்றி மாற்றி அடித்தன. ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார். "என்ன நடந்ததுன்னு எழுதுங்க. இங்கிலீஷ்ல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

முதல் ஐந்து வரியும் உண்மைதான். கப்பல் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, போன இடங்கள். ஆறாவது வரியில் காரணம் எழுத வேண்டும். பேனா நின்றது. ஊரில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அட்டை தொங்கும் அவன் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டும் அப்பா கண்முன் வந்தார். வாகனம் குறித்த நேரத்தில் வந்து சேராததால் என்று எழுதினான். நல்ல இங்கிலீஷ். ஒரு பிழையில்லை.

"என்னப்பா எழுதிருக்க?" அக்கா கேட்டாள்.

"நடந்ததத்தான்கா."

"மணி விஷயம்?"

"அதுவும் இருக்கு."

"ஆமா, அத மறைக்காம எழுதிடு. மனுஷன்னா மறக்கிறதுதான். உன் வேலைய ஒண்ணும் எடுக்க மாட்டாங்க, நான் ஏஜென்ட்கிட்ட பேசறேன்" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினாள். உதட்டைக் கடித்து, ஒவ்வோர் எழுத்தாக, வரி கோணாமல், தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு காலத்தில் அவன் அப்பாவும் இப்படித்தான் வேறொருவர் எழுதிய தாளில் கைநாட்டு வைத்து, தன் கிணற்றுக்குப் போகும் வழியை இழந்தார். அதனால்தான் மகனைப் படிக்கப் போட்டார். அது அவனுக்கு அந்த அறையிலேயே ஞாபகம் வந்தது. வந்தும் தாளைத் திருப்பி வாங்கவில்லை.

நான்காம் நாள் அவளுடைய துறைமுக பாஸ் ரத்தானது. பாஸ் இல்லாத வண்டி வாசலைத் தாண்ட முடியாது. ஏஜென்ட் அவனை வேறு வண்டியில் ஏற்றினார். அக்காவின் போன்களை எடுக்காமல் அவன் ஒரு வாரம் தட்டிக்கழித்தான். பதினோராம் நாள் அவள் ஏஜென்ட் அலுவலக வாசலிலேயே வந்து நின்றாள்.

"என்ன டிகிரி, ஆளையே காணோம்? வீட்டுக்கு வா. மேல எழுதிப் போடணும். உன்ன விட்டா எனக்கு யாரு இங்கிலீஷ் எழுதறது?"

போனான். பட்டறைகளுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் நுழைய வேண்டும். வீட்டுக்காரர் ஒரு சீட் உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, இவ உங்களப் பத்திப் பேசாத நாள் இல்ல" என்று நாற்காலியைக் காலால் நகர்த்தினார். மேசையில் வெள்ளைத்தாள், புதுப் பேனா, மடித்த ஒரு நகல். மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ரத்து பண்ணினதுக்கு என்ன காரணம்னு கேட்டதுக்கு, அன்னிக்கி எழுதின தாளோட நகல ஆபீஸ்ல குடுத்தாங்க. இப்பத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று மகள் அதைப் பிரித்தாள்.

"சத்தமா படி. தமிழ்ல சொல்லு" என்றாள் அக்கா.

அவன் எழுந்திருக்க நினைத்தான். மகள் முதல் ஐந்து வரியைச் சொன்னாள். ஆறாவது வரியை மனத்துக்குள் ஒருமுறை படித்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி படித்தாள். பிறகு சொன்னாள்.

தையல் ஊசி நின்றது.

"அப்ப மணி விஷயம்?" அக்கா மகளிடம் கேட்டாள், அவனிடம் அல்ல.

"அது இதுல எங்கயும் இல்லம்மா."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"தெரியாம எழுதிட்டியோன்னு கேக்கலாம்னு பாக்கறேன்" என்றாள் அக்கா மெதுவாக. "ஆனா நான் கேட்டேனே. வாயத் திறந்து கேட்டேனே, அதுவும் இருக்கான்னு. இருக்குன்ன." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ எழுதுடி. பிழை வந்தா வரட்டும்."

அவன் பக்கவாட்டில் நுழைந்த கதவு வழியே பக்கவாட்டிலேயே வெளியே வந்தான். யாரும் போ என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை துறைமுக அலுவலகத்துக்குப் போய், நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தான். தப்பு தன்னுடையது, ஓட்டுநர் இரண்டு முறை எச்சரித்தார் என்று. அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கி எழுதினது பொய்யா, இன்னிக்கி எழுதினது பொய்யா?"

"அன்னிக்கி எழுதினது சார்."

"அதுல அந்தம்மா கையெழுத்து இருக்கே. அவங்களே ஒத்துக்கிட்டுப் போட்டதுதானே?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது சார். நான் மாத்திச் சொன்னேன்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சிருக்கீங்க இல்ல?" என்றார். திட்டக்கூட இல்லை. அவன் தாளையும் அக்காவின் மகள் எழுதிக் கொடுத்திருந்த மனுவையும் ஒன்றாகக் குத்தி ஃபைலில் வைத்தார். ஏஜென்ட் விஷயம் தெரிந்து, "முடிஞ்சத ஏன்யா கிளறுற? வியாழக்கிழமை கப்பல் வருது, நேரத்துக்கு வா" என்றார். வியாழக்கிழமை அவன் நேரத்துக்குப் போனான்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மனுவுக்குப் பதில் வரவில்லை. ரிவர்ஸ் அக்கா இப்போது ஒரு மருத்துவமனையின் நர்ஸுகளை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிறாள். மகள் கடைசித் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். அவன் இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறான். யாராவது டிகிரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறான்.