மாஸ்க்கைக் கழற்றச் சொன்ன வருடம்

சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாராவது பேசி முடித்தால், அவர்கள் சொன்ன கடைசி வார்த்தையை என் உதடுகள் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கும். விருதுநகரில் அப்பாவின் பருப்புக் கடைக்கு வருகிறவர்கள், நான் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். "வாய மூடு" என்று அம்மா தொடையில் கிள்ளுவாள். கிள்ளு வாங்கி வாங்கி, வாயை மூடிக்கொண்டு நாக்கால் மட்டும் சொல்லிப் பார்க்கப் பழகினேன்.

சிரிப்பையும் அப்படித்தான் பழகினேன். வீட்டுக்கு ஆள் வந்தால் எவ்வளவு சிரிப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு எப்படித் தானாகத் தெரிகிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. கல்யாண வீடுகளில் என் சித்தியை எல்லோருக்கும் பிடிக்கும். அவள் சிரிப்பையும், "வாங்க, எப்ப வந்தீக, சாப்பிட்டீகளா?" என்று அவள் கேட்கும் தோரணையையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ள நல்லா கலகலன்னு பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாடை வலித்தது.

மாப்பிள்ளை வீடு சிவகாசி. பட்டாசு வியாபாரம். குக்கர் விசிலுக்கே உடம்பு தூக்கிப்போடும் பெண்ணைப் பட்டாசுக் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுக்கிறோமே என்று என் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. காதைப் பொத்தாமல் நிற்க நான் அதற்குள் பழகியிருந்தேன்.

கடை திருத்தங்கல் சாலையில் இருந்தது. கணவரும் அவருடைய அண்ணனும் ஆர்டர், லோடு என்று வெளியே அலைவார்கள். கடையில் நானும் அந்த அண்ணனின் மனைவியும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கறாரான மனுஷி. வெளியூர்க் கார்களில் வந்து இறங்குகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசி விற்க வேண்டும். சீசனில் வீடு திரும்பினால், கணவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லக்கூட என்னிடம் பேச்சு மிச்சமிருக்காது. தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

கொரோனா வந்தது. கடை மறுபடி திறந்தபோது எல்லோரும் மாஸ்க் போட்டோம். மூச்சு முட்டுகிறது, காது வலிக்கிறது என்று மற்றவர்கள் புலம்பினார்கள். என் வாயோ முதல் நாளே தளர்ந்துவிட்டது. "சங்குசக்கரம் இருக்கா?" என்று கேட்டார் ஒருவர். 'இருக்கா' என்று என் உதடு சொல்லிப் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், சிரிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவிலேயே சாவு விழுந்த காலம் அது. அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எல்லோரும் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை. பட்டாசு மருந்துத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வீட்டில் நம்பினார்கள். அக்கா நம்பவில்லை.

"ஏ பிள்ள, உனக்கு என்ன நோவுன்னு வார ஆளெல்லாம் கேக்காக. அதக் கழட்டிட்டு நில்லு."

"தூசிக்கா…"

"பெட்டிக்குள்ள கெடக்குற மருந்து எங்கன வந்து உன் மூக்குல ஏறுது?"

அந்த வருடம் பக்கத்து இடத்தையும் சேர்த்துக் கடையைப் பெரிதாக்கி, சீசனுக்கு முன்னால் திறப்பு விழா வைத்தார்கள். மருமகள்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பன்னீர் தெளித்து வரவேற்க வேண்டும், மாஸ்க் கூடவே கூடாது என்று மாமியார் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

நின்றேன். பட்டுச்சேலையின் சரிகை கழுத்தில் அறுத்தது. மைக்செட் அலறியது. வந்தவர்களிடமெல்லாம் சித்தி மாதிரியே சிரித்து, "வாங்க, எப்ப வந்தீக?" என்று கேட்டேன். ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போதுதான் சாலைக்கு அந்தப்பக்கம் பொட்டலில் சரவெடியைப் பற்ற வைத்தார்கள்.

பன்னீர்ச் செம்பு கையிலிருந்து விழுந்தது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தபோது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். என் வாய் சத்தமாகவே, "எப்ப வந்தீக, எப்ப வந்தீக" என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெடி ஓய்ந்த பிறகும் அது நிற்கவில்லை. கணவர் ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, காலையில சாப்பிடல, மயக்கம்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். என் தோளைத் தொட்டார். உதறிவிட்டேன்.

அக்காதான் கூட்டத்தை விலக்கினாள். என்னைத் தொடாமல், "எந்திரிச்சு என் பின்னாலயே வா" என்றாள். பில் போடும் அறைக்குள் விட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "உள்ள படுத்திருக்கா, யாரும் போக வேண்டாம்" என்று வருகிறவர்களிடம் அவள் சொல்வது எனக்குக் கேட்டது. மாமியாருக்கும் அதே பதில்தான்.

பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உள்ளே வந்தாள்.

"இப்பப் பேசலாமா?"

தலையாட்டினேன்.

"என் தம்பி இப்படித்தான். இங்கன யாருக்கும் தெரியாது. அவன மாடி ரூம்புல வச்சுப் பூட்டிட்டுத்தான் எனக்குக் கல்யாணம் நடந்துச்சு." என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ வந்ததுலயிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். நீ பேசுறது யாரையோ பாத்து எழுதுன மாதிரியே இருக்கும். அவன என்னென்னமோ பேசுனாக. உன்னையும் அப்படிப் பேசிறக் கூடாதுன்னுதான் கழட்டு கழட்டுன்னு சொன்னேன்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், எப்படியும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதுரையில் டாக்டரைப் பார்க்கச் சொன்னது அவள்தான். சில தடவை போய்வந்த பிறகு, ஆட்டிசம் என்றார் டாக்டர். பெண்கள் பலர் இதை மறைத்து மறைத்தே வளர்ந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

"இதுக்கு மாத்திரை இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"இது நோய் இல்லைங்க. அவங்களுக்கு எது கஷ்டம்னு அவங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க."

காரில் திரும்பும்போது விருதுநகரில் பரோட்டா சாப்பிட நிறுத்தினோம். இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப எங்கிட்ட சிரிச்சதெல்லாம் நடிப்பா?"

சித்தியாக இருந்தால் என்ன சொல்லிச் சமாளிப்பாள் என்று யோசிக்கத் தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

"நெறைய நடிப்புதான்."

பிய்த்த பரோட்டாவை இலையிலேயே போட்டார்.

"ஆனா உங்க வேட்டி காத்துல பறந்து அடுத்த வீட்டுத் தொட்டியில விழுந்துச்சே, துண்டக் கட்டிக்கிட்டு சுவரேறிக் குதிச்சீகளே, அன்னைக்குச் சிரிச்சது நெசம். உங்க வண்டிச் சத்தம் தெருமுனையில கேக்கும்போது சிரிக்க மாட்டேன். ஆனா அது கேட்டா எனக்கு சந்தோசமா இருக்கும்."

"நீ சிரிக்கலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க. சொல்றேன்."

கொத்துப் பரோட்டா போடும் கல்லில் கரண்டி இரண்டும் தடதடவென்று இடித்துக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தச் சத்தம் இப்ப எப்படி இருக்கு?"

"கொடுமையா இருக்கு."

பார்சல் கட்டச் சொல்லிவிட்டு எழுந்தார். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது நான் பில் போடும் அறையில் வேலை பார்க்கிறேன். முன்னால் அக்காவும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். கூட்டமான நாட்களில் இன்னமும் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்கு எப்படி இருக்கிறது என்று கணவர் சில நாள் கேட்பார், சில நாள் மறந்துபோய்ச் சலித்துக்கொள்வார். மாமியாருக்கு ஆட்டிசம் என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. ஆனால் போன வாரம் நான் அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னத்தா, கோவமா இருக்கியா?"

"இல்லத்தை. சும்மாதான் இருக்கேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு நறுக்க உட்கார்ந்தார்.