கரி பஸ்ஸும் காலைப் பீடியும்

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிக்கு மாறின. பெரம்பலூர்–அரியலூர் தடத்தில் அப்படியொரு கரி பஸ்ஸுக்கு நான் டிரைவர். வண்டியின் பின்னால் ஆளுயர அடுப்பு. கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைப்பிடி விசிறியைக் கால்மணி நேரம் நிறுத்தாமல் சுற்ற வேண்டும். பிறகு பக்கத்துக் குழாயின் வாயில் தணலைக் காட்டினால் கேஸ் பிடித்து நின்று எரிய வேண்டும். எரிந்தால் கிளம்பலாம்.

விசிறி சுற்றுகிறவன் கிளீனர் மாரியப்பன். ஒரு நாள் காலை பாதியில் கைப்பிடியை விட்டுவிட்டு இரும ஆரம்பித்தான். பீடி இருமல். இருமி முடிப்பதற்குள் அடுப்பு அடங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. அரியலூரில் ரயில் ஏற வேண்டியவர்கள் ரயிலைக் கோட்டை விட்டார்கள்.

முதலாளி வந்தார். "ஒரு மாசம் பாப்பேன். மொத தேதி நானே வந்து நிப்பேன். நடுவுல கை நின்னுச்சுன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

மாரியப்பனுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் அவன் கையை எதிர்பார்த்து ஏழு பேர்.

நான் பீடியை விட்டு அப்போது ஆறு மாதம். விட்டவன் வாய் சும்மா இருக்குமா? அவனையும் விடச் சொல்லிக் கெஞ்சினேன், திட்டினேன், அவன் காதில் செருகியிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தேன்.

"அண்ணே, நீங்க பீடிய விட்டதுலேருந்து எனக்குக் காது வலிக்குது. மொதல்ல அதுக்கு மருந்து சொல்லுங்க" என்றான்.

கண்டக்டர் வேறு சேர்ந்துகொண்டார். "நீங்க ரெண்டு இழுப்பு இழுத்துடுங்கண்ணே. நாங்க நிம்மதியா இருப்போம்."

கடைசியில் குலசாமி மேல் சத்தியம் செய்தான். மறுநாள் காலை அதே வாயில் பீடி. எனக்கு வந்த ஆத்திரத்தில் சீட்டை விட்டு இறங்கிப் பின்னால் போய் நின்றேன். குழாயில் தணலைக் காட்டினான். கேஸ் பிடித்தது. குனிந்து அந்தச் சுடரிலேயே பீடியைப் பற்றவைத்து, "கேஸ் ரெடிண்ணே" என்றான். பீடி பிடித்தால் நல்ல கேஸ் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். தீப்பெட்டி கிடைக்காத நாட்கள். "பீடி பத்திக்கிச்சா மாரி? எனக்கும் ஒண்ணு கொண்டா" என்று தினமும் கேட்டவன். ஆறு மாதமாக வழியெல்லாம் கத்தினேனே தவிர, அன்றுவரை அந்தக் குழாயருகே ஒரு நாளும் வந்து நிற்கவில்லை.

மறுநாள் தணலை நான் வாங்கிக்கொண்டேன். "சுத்துறது உன் வேலை. கொளுத்திப் பாக்குறது என் வேலை. நீ போயி ஏறு."

"டிரைவருக்கு வேற வேலையில்ல" என்று முணுமுணுத்தான். பீடி பற்றவைக்க டீக்கடையில் தொங்கும் நெருப்புக் கயிற்றைத் தேடிப் போனான். அங்கேயும் போய் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிண்ணே பிடிக்கிறது?"

சலித்துப்போய் முதலில் காலைப் பீடியை விட்டான். மூன்றாவது வாரம் மற்றதும் போனது.

முதல் தேதி முதலாளி கடிகாரத்தோடு வந்தார். மாரியப்பன் சுற்றினான். நடுவில் ஓர் இருமல். கை மட்டும் நிற்கவில்லை. சுடர் நின்று எரிந்தது. முதலாளி கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் பஸ் ஏற வந்த கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் சுருட்டோடு குழாயருகே குனிந்தார். மாரியப்பன் குறுக்கே பாய்ந்தான். "இது அடுப்பு இல்லைங்க, பஸ்ஸு. தள்ளுங்க." அதோடு விட்டானா? அரியலூர் போய்ச் சேரும்வரை சுருட்டின் கேட்டை அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கே காது வலித்தது.

இறங்கியதும் சொன்னேன். "அவர் காத விட்டுருடா மாரி. அவர் எங்க பத்த வைக்கிறார்னு பாத்து, அங்க போயி சும்மா நில்லு."