பாரிஸில் புரட்டிய துணி

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், தொண்ணூறுகளின் கடைசியில், அப்பாவும் நானும் பாரிஸ் போய்வந்தோம். ஆரணியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அதுவரை தூரப் பயணம் என்றால் திருப்பதிதான்.

டிக்கெட் அனுப்பியது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. வேறு சாதியில் ஒரு புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு அவரோடு பிரான்சுக்குப் போய்விட்டவள். தாத்தா இருந்தவரை வீட்டில் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை. அவர் போன பிறகு, "இன்னும் எத்தினி நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு இருப்பீங்க?" என்று அம்மாதான் அப்பாவைக் கிளப்பினாள். கைக்குழந்தை இருந்ததால் அவள் வரவில்லை.

அப்பா தன் கையாலேயே நெய்த அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். அத்தை அதை வாங்கி, "நல்லா இருக்குண்ணா" என்று சொல்லி அப்படியே அலமாரியில் வைத்துவிட்டாள். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"புரட்டிக்கூடப் பாக்கல பாரு" என்றார் என்னிடம்.

நெசவுக்காரர்களான எங்கள் ஆட்களின் கையில் எந்தத் துணி கிடைத்தாலும், இழை முடித்த நேர்த்தியைப் பார்க்க முதலில் பின்பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாளின் முந்தானையைக்கூட விட்டுவைக்கமாட்டார்கள்.

அத்தை லீவு போட்டு எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டினாள். இரும்புக் கோபுரம், வெற்றி வளைவு, பெரிய மாதா கோயில். "இதப் பாருண்ணா" என்பாள். அப்பா "ம்" என்பார். பிரான்சுக்காரர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய அத்தனைக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு "ம்"தான். அண்ணனும் தங்கையும் அப்படி மரியாதையாக நடந்துகொண்டது எனக்கே சங்கடமாக இருந்தது.

கடைசியாக ஒரு மியூசியத்துக்குப் போனோம். ஓவியங்களையெல்லாம் நடந்தபடியே பார்த்துவந்த அப்பா, ஓரிடத்தில் நின்றுவிட்டார். குதிரைகளும் வேட்டை நாய்களுமாக, சுவர் அளவுக்கு நெய்த பழைய திரைச்சீலை. குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு மேலாக எட்டி, அதன் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிவிட்டார்.

எங்கிருந்தோ மணி அடித்தது. காவலர் ஓடிவந்தார். அப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று நான் அழத் தயாரானேன். அத்தை பிரெஞ்சில் கெஞ்சிக் கூத்தாடிக் காவலரை அனுப்பிவைத்தாள்.

"பின்னாடி எப்படி முடிச்சிருக்கான்னு பாத்தேம்மா" என்றார் அப்பா, தலையைக் குனிந்தபடி.

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நானும் மொத தடவ வந்தப்போ இதத்தாண்ணா புரட்டி மாட்டிக்கினேன்!"

அப்பாவும் சிரித்துவிட்டார். இருவரும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார்கள். மாட்டிக்கொண்டதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அத்தை கேட்டாள். "அன்னிக்கி புடவையப் புரட்டலன்னு கோவம்தானே?"

"ம்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் புடவையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முந்தானையை விரித்தாள். புரட்டினாள். பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தவள், திடீரென்று அதில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புரட்டிப் பார்த்து ஒருவர் முகம் மாறினால் நெசவில் குறை என்றுதான் எனக்குத் தெரியும். நான் அத்தையின் அருகில் மண்டியிட்டு, அவள் மடியில் கிடந்த பட்டில் அறுந்த இழையைத் தேடினேன்.

"எல்லாம் சரியாத்தானேப்பா நெய்ஞ்சிருக்கீங்க, அத்த ஏன் அழுவுறாங்க?" என்றேன்.