மல்லாந்த மீன்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. மீனும் மரமும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கன்டெய்னர் பெட்டி வந்தால், மீன் லோடு என்று நானாகவே நினைத்துக்கொள்வேன். மதியம் அதன் நிழலில்தான் எல்லோரும் சாப்பிடுவோம்.

புதிதாகச் சேர்ந்த செல்வி ஒருநாள் அந்த ஸ்டிக்கரைக் காட்டிக் கேட்டாள்: “இன்னாண்ணா, மீனு மல்லாந்து கீது?”

“உனக்கு இன்னாத்துக்கு அது? துன்னுட்டு வேலையப் பாரு” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் விடாமல் போனில் தேடினாள். “மீன் லோடு இல்லண்ணா. தண்ணில கலந்தா மீனே செத்துப்பூடுமாம். வெசம்.”

சோற்றை மூடி வைத்தேன். போனை வாங்கி மற்ற ஸ்டிக்கர்களுக்கும் அர்த்தம் தேடினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எதையும் அத்தனை ஆசையாகப் படித்ததில்லை.

இன்றும் புதுப் படத்தைக் கண்டால் நின்று தேடுகிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை வருடமும், “இங்க வாங்கப்பா, நல்ல நிழலு கீது” என்று எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தவன் நான்தான்.